இரண்டாவது கயிறு

அந்தக் கட்டடத்தின் படிக்கட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். தரையிலிருந்து இரண்டாம் மாடிக்குப் போவதற்குள் அது மூன்று முறை திரும்புகிறது. முதல் இரண்டு திருப்பங்களில் ஒரு பீரோகூட உடம்பை ஒடுக்கிக்கொண்டு போய்விடும். மூன்றாவது திருப்பத்தில், யாரோ பிற்காலத்தில், தண்ணீர்க் குழாயை மறைக்க ஒரு தூணைக் கட்டி வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் மனிதர்களே பக்கவாட்டில் நடந்தார்கள். பற்றவைத்த இரும்பில் ஒரே துண்டாகச் செய்த ஆஸ்பத்திரிக் கட்டில் அங்கே போகாது.

ஆகவே தெருப்பக்கத்து ஜன்னல் வழியாக ஏற்றுவது என்று முந்தின நாளே முடிவாகியிருந்தது. முடிவு செய்தவர்கள் சாமான் ஏற்றி இறக்கும் ஒரு குடும்பம். நான்கு பேர், ஒரு வண்டி. கணவனைத் தெருவில் எல்லோரும் பாரம் என்றுதான் கூப்பிட்டார்கள். மனைவிக்குக் குரல் என்று பெயர் விழுந்திருந்தது. கயிறு ஏறும்போது மேலே நின்று கட்டளை சொல்பவள் அவள்தான். மூன்று தெரு தாண்டிக் கேட்கும். அவளுடைய தம்பி நெட்டை, முப்பது வயதுக்காரன், கீழே பாரத்துக்குத் துணையாகக் கயிறு பிடிப்பான். பாரத்தின் அக்கா கம்பளி சுற்றுவது, மூட்டை கட்டுவது, திருகாணி கழற்றுவது எல்லாம் பார்ப்பாள். அவளைப் பெரியக்கா என்பார்கள்.

இவர்களுக்குத் தொழிலில் இரண்டு விதிகள். ஒன்று: சுமை கயிற்றில் இருக்கும்போது ஒரே ஒரு குரல்தான் ஒலிக்க வேண்டும், அதுவும் மூன்றே வார்த்தைகள்தான். ஏத்து, நில், இறக்கு. இரண்டு: எந்தச் சுமைக்கும் இரண்டு கயிறு. முதல் கயிறு மேலே ஒரு கொக்கியில் மாட்டிய இரட்டைக் கப்பியில் ஓடிச் சுமையைத் தூக்கும். இரண்டாவது வேறொரு கொக்கியில் தொங்கி, வண்டியின் பின்கம்பியில் கட்டப்பட்டு, சுமை ஏற ஏற இழுத்துச் சுருக்கப்படும். முதல் கயிறு அறுந்தால் இரண்டாவது பிடிக்கும். பதினாறு வருஷத்தில் ஒரு முறைகூட அது பிடிக்க நேர்ந்ததில்லை. ஆனாலும் அதைக் கட்டாமல் பாரம் ஒரு நாற்காலியைக்கூட ஏற்றியது கிடையாது.

இரண்டாம் மாடியில் ஒரு டீச்சர் இருந்தார். அவர் கணவர், எல்லோருக்கும் சார், பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். ஒன்பது நாளாகத் தரையில் மெத்தை போட்டுக் கிடந்தார். முதுகில் நாணயம் அளவுக்குப் புண் வந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் இப்படியே கிடந்தால் புண் உள்ளே இறங்கிவிடும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தலைப்பக்கம் உயர்த்தித் தாழ்த்தும் இந்தக் கட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து இரவல். கட்டில் அறையில் போடப்பட்டது என்று டீச்சர் கையெழுத்திட்ட தாள் மாலை ஆறு மணிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். தவறினால் கட்டில் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி கிடைக்க இரண்டு வாரம் ஆகலாம்.

அன்று மத்தியானம் மூன்றரைக்கே மேற்கே வானம் கறுத்துவிட்டது. காற்றில் புழுதி வாசனை.

"மழை அஞ்சு மணிக்குத்தான் வரும்," என்றான் நெட்டை.

"ஆமா, உங்கிட்ட சொல்லிட்டுத்தான் வரும்," என்றார் பாரம். "முட்டையைத் தின்னு முடி. ஈரக் கயித்துல இரும்பு ஏத்தக் கூடாது."

வண்டியின் நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றார்கள். பெரியக்கா மூன்று முட்டை தின்றாள். உப்பை மறந்து வந்ததற்காக நெட்டையைத் திட்டிக்கொண்டே தின்றாள்.

நாலு மணிக்குக் கட்டில் தரையை விட்டுக் கிளம்பியது.

"ஏத்து! ஏத்து! நில்! ஏத்து!"

கம்பளி சுற்றிய நாலு காலும் ஆட, கட்டில் சோம்பேறி மாடு மாதிரி மெல்ல எழும்பியது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். முதல் மாடி ஜன்னலில் இருந்த தையல்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

கட்டில் தையல்காரரின் ஜன்னலைத் தாண்டும்போது குரல் மரச்சுத்தியலை எடுத்தாள். டீச்சர் வீட்டு ஜன்னலின் இடது கதவு எட்டு வருஷமாகப் பாதி திறந்தபடியே இறுகிப்போன கதவு. சாத்தவும் வராது, திறக்கவும் வராது. அதை அடித்துச் சுவரோடு சுவராகச் சாய்த்தால்தான் கட்டில் நுழையும். சுமை பாதி வழி வந்த பிறகு கதவைத் தட்டுவதுதான் இவர்கள் வழக்கம். முன்கூட்டியே தட்டினால் காற்றில் கழன்று தெருவில் போகிறவர் தலையில் விழும். முந்தின நாள் அளவெடுத்ததும் அறைக்குள்ளிருந்துதான். எல்லா வீட்டிலும் அப்படித்தான் அளப்பார்கள்.

அவள் எக்கி, வெளியே தலையை நீட்டி, சுத்தியலை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

கதவுக்கும் சுவருக்கும் நடுவில், சிமெண்டு விளிம்பில், பத்துப் பதினைந்து குச்சிகள். அவற்றின் மேல் இரண்டு புறாக்குஞ்சுகள். மஞ்சள் பஞ்சு ஒட்டிய கறுத்த உடம்பு, முகத்துக்குப் பொருந்தாத மூக்கு. பார்க்கச் சகிக்காது. இரண்டும் அவளைப் பார்த்து வாயைப் பிளந்தன.

"நில்!" என்று கத்தினாள்.

கீழே இரண்டு பேரும் குதிகாலை ஊன்றி நின்றார்கள். கட்டில் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே தொங்கியது.

அடுத்த வார்த்தை வரவில்லை. பாரம் அண்ணாந்து பார்த்தார். மூன்று வார்த்தைகளைத் தவிர வேறு பேசக் கூடாது என்ற விதியை அவரே உடைத்தார். "என்ன ஆச்சு?"

"புறாக்கூடுங்க! கதவுக்குப் பின்னாடி! ரெண்டு குஞ்சு!"

"அதுக்கு?"

"கதவைத் தட்டினா நசுங்கிடும்! கையை விட்டு எடுக்கவும் இடமில்ல!"

"புறாதானே! தட்டு!"

அறை மூலையில் இருந்த பெரியக்கா திருகாணிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் இதுக்குக் கை வைக்க மாட்டேன். உயிர்னா உயிர்தான். தம்பி! கட்டிலை இறக்குடா! வேற வழி பார்த்துக்கலாம்!"

"வேற வழி இருந்தா ஏன்க்கா ஆகாசத்துல தொங்க விட்டிருக்கேன்?"

"பெரியக்கா," என்று நெட்டை கீழிருந்து குரல் கொடுத்தான், "இப்பத்தானே மூணு முட்டை உள்ளே போச்சு?"

தெருவில் சிரிப்பு எழுந்தது. பெரியக்கா ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டினாள். "போடா நெட்டைப் பனமரமே! அது வேற, இது வேற!"

"எப்படி வேற?"

அவள் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். "எப்படின்னு தெரியல. ஆனா வேற."

அறைக்குள் தரையில் கிடந்த சார் தலையைத் தூக்க முயன்று, வலியில் முகம் சுளித்து, "தூக்கிப் போடுங்கம்மா," என்றார். "ஒன்பது நாளா தாய்ப்புறா என் தலைமாட்டுல உம் உம்முனு முனகுது. மனுஷன் கண்ணை மூட முடியல. நான் இடுப்பு ஒடிஞ்சு கிடக்கேன், அதுக்கு மேல இதுங்க கச்சேரி."

"சும்மா இருங்க," என்றார் டீச்சர். ஆனால் அவர் முகத்திலும் தெளிவு இல்லை. கையில் ஆஸ்பத்திரித் தாளை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "வகுப்புல போர்டுல எழுதிப் போடறேன். உயிரை வதைக்காதே. நோயாளிக்கு உதவு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதியிருக்கேன். ரெண்டும் மோதிக்கிட்டா என்ன பண்றதுன்னு எந்தப் பாடத்துலயும் போடலையே."

"அக்கா!" என்றான் நெட்டை. "உயிர் பாவம்தான். ஆனா என் கையும் உயிர்தான். எதையாவது ஒண்ணு சொல்லு!"

"என் ஜன்னல்ல பாதி இருட்டாயிடுச்சு," என்றார் தையல்காரர், யாரிடம் என்றில்லாமல். "காஜா போடறது தெரியல."

இடி உறுமியது. குரல் கையில் சுத்தியலோடு நின்றாள். பதினாறு வருஷத்தில் எத்தனையோ முறை சுமை நடுவானத்தில் நின்றிருக்கிறது. ஆணி, மின்கம்பி, வளைந்த கொக்கி. அப்போதெல்லாம் என்ன செய்வது என்பது மட்டும்தான் கேள்வி. இப்போது எது சரி என்பதே தெரியவில்லை.

"நீ யோசிக்க என்னம்மா இருக்கு?" என்று பாரம் கீழிருந்து கத்தினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "டீச்சருக்கு வாக்குக் குடுத்தாச்சு. மேல ஒரு மனுஷன் முதுகு அழுகிக்கிட்டு இருக்கு. புறா கணக்குலயே வராது!"

"வராதுன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?"

"தெரியும்!"

"நூத்துக்கு நூறு?"

பாரம் ஒரு கணம் கயிற்றைப் பார்த்தார். "நூத்துக்குத் தொண்ணூறு!"

"அண்ணி, நீங்க சொல்லுங்க. கட்டிலைத் திருப்பி அனுப்பறதுதான் சரின்னு நூத்துக்கு நூறா?"

பெரியக்கா தரையில் கிடந்தவரைப் பார்த்தாள். அவர் முதுகுக்கடியில் விரிப்பு ஈரமாகியிருந்தது. "அப்படிக் கேட்டா... அந்த மனுஷனைப் பார்த்தா அப்படிச் சொல்ல வரல."

"எனக்கும் தெரியல அண்ணி. உங்க தம்பி சொல்றதுதான் அதிகம் சரின்னு படுது. ஆனா..." குரல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "ஏங்க! முதல் கயிறு தாங்கும்னு உங்களுக்கு எத்தனை உறுதி?"

"நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது!"

"அப்புறம் எதுக்கு ரெண்டாவது கயிறு?"

பாரம் வண்டியின் பின்கம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஒண்ணுக்காகத்தானே பதினாறு வருஷமா கட்டறீங்க? இதுல பத்து இருக்கு! பத்துக்கு நான் ஒண்ணும் கட்டாம எப்படித் தட்டறது?"

"அடி இவளே, கயித்தைத் தூக்கி என் கழுத்துலயே போடறாளே," என்றார் பாரம், நெட்டையிடம். ஆனால் பிடியை மாற்றிக் காலை இன்னும் அகலமாக ஊன்றினார். மனைவியின் குரலில் இருந்த மாற்றம் அவருக்குத் தெரியும். அவள் முடிவுக்கு வந்துவிட்டாள்.

"எல்லாரும் கேளுங்க!" தெருவே கேட்டது. "கதவைத் தட்டப் போறதில்ல. கீலோட கழட்டப் போறோம். மூணு கீல், பன்னிரண்டு திருகாணி. கழட்டிட்டா கூட்டைக் கையால எடுத்துடலாம். கட்டில் அப்புறம் உள்ளே வரும். ஆனா இதுக்கு ஒரு எல்லை இருக்கு. மழையில முதல் துளி விழுந்தாலும் சரி, நீங்க ரெண்டு பேரும் முடியலைன்னு சொன்னாலும் சரி, அந்த நிமிஷமே ஏத்துன்னு சொல்லிடுவேன். கூடு போனா போகட்டும். கட்டில் இன்னைக்கு உள்ளே வந்தாகணும். அப்ப யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அண்ணி, நீங்களும்தான்!"

"கட்டிலை ரெண்டாவது கயித்துல விட்டுட்டு நாங்க கொஞ்சம் கையை உதறிக்கட்டுமா?" என்றான் நெட்டை.

"வாயை மூடு," என்றார் பாரம். "அது மேல சாய்ஞ்சுட்டா அப்புறம் அதுதான் முதல் கயிறு. ரெண்டாவதுக்கு எங்கே போறது?"

பெரியக்கா பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். திருப்புளியை எடுத்தாள்.

முதல் கீலின் நாலு திருகாணியும் சுலபமாக வந்தன. தெருவில் யாரோ "நாலு!" என்று எண்ணினார்கள். அதைக் கேட்டு இன்னும் சிலர் கூடினார்கள். மீன் கூடையோடு வந்த ஒரு பெண்மணி கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கயிற்றின் வாலைப் பிடித்தாள். சைக்கிளில் வந்தவர் ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளுக்குப் பின்னால் நின்றார்.

"எதுக்குப் பிடிக்கிறோம்னு தெரியுமா?" என்று பாரம் பல்லைக் கடித்தபடி கேட்டார்.

"புறாவுக்காம்," என்றார் சைக்கிள்காரர். "எனக்குப் புறாவைக் கண்டாலே ஆகாது. வண்டி மேலெல்லாம் அசிங்கம் பண்ணும். சும்மா பிடிக்கிறேன்."

நடுக் கீலில் துரு. பெரியக்கா எண்ணெய் விட்டாள். அழுத்தினாள். திருப்புளி வழுக்கி அவள் கட்டைவிரலைக் கிழித்தது. "ஐயோ, பாழாப் போன..." என்று ஆரம்பித்தவள் குஞ்சுகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். டீச்சர் தாளை இடுப்பில் செருகிக்கொண்டு கதவைத் தாங்கிப் பிடித்தார். ஐந்து. ஆறு.

குரல் கீழே பார்த்தாள். பாரத்தின் வலது தோள் துடித்துக்கொண்டிருந்தது. அது போன வருஷம் இரும்புப் பெட்டி ஏற்றியபோது விலகிய தோள். முடியலை என்று அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை முடிந்தது. அவர் நினைத்ததே நடந்துவிடும். அந்த வார்த்தையை அவரிடம் கொடுத்துவிட்டோமே என்று அவளுக்குத் திக்கென்றது. அவர் அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. உதடு அசைந்தது.

"எத்தனை ஆச்சு?" என்றார்.

"எட்டு!"

"சீக்கிரம்!"

ஒன்பது. பத்து. தையல்காரர் தன் ஜன்னலில் வெட்டாத பெரிய திரைத்துணி ஒன்றை விரித்து, அதன் நுனிகளைக் கட்டில் காலுக்கும் ஜன்னல் கம்பிக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "வாடிக்கையாளர் துணி," என்று முணுமுணுத்தார். "ஏதாவது விழுந்தா விழட்டும். கேட்டா வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கலாம்."

"ஐயா, கால்ல கட்டாதீங்க, கட்டில் மேல போகும்!" என்று கத்தினாள் குரல்.

"அட ஆமா!" அவர் அவசரமாக முடிச்சை அவிழ்த்து நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டார்.

அப்போது குரலின் மணிக்கட்டில் ஒரு துளி விழுந்தது.

ஒரே ஒரு துளி. குளிர்ந்து, கனமாக. தெருவில் யார் மேலும் விழவில்லை. யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் பெரியக்காவின் கையைத்தான் பார்த்தார்கள். கடைசிக் கீலில் இரண்டு திருகாணி மீதி. மணிக்கட்டைச் சேலையில் துடைத்துக்கொண்டால் இன்னும் இரண்டு நிமிஷம் கிடைக்கும். யாருக்குத் தெரியும்?

அவள் கயிற்றைப் பார்த்தாள். அது இன்னும் காய்ந்துதான் இருந்தது. கீழே நெட்டையின் கையைப் பார்த்தாள்.

"துளி விழுந்தாச்சு!" என்றாள். "ஏத்து!"

"அம்மாடி, ரெண்டே ரெண்டு..." என்றாள் பெரியக்கா.

"ஏத்து! ஏத்து! ஏத்து!"

நாலு பேர் இழுத்ததில் கட்டில் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. அதன் தலைமாட்டுக் கம்பி கதவின் அடியில் இடித்தது. கீலில் மிஞ்சியிருந்த இரண்டு திருகாணியும் பட்டென்று பிய்ந்தன. கதவு டீச்சரின் கையிலிருந்து திமிறி, ஒரு சுற்றுச் சுற்றி அறைக்குள் விழுந்தது. குச்சிகள் சிதறின. பெரியக்கா அலறினாள். ஒரு குஞ்சு தையல்காரரின் துணியில் தொப்பென்று விழுந்தது. மற்றது கண்ணில் படவே இல்லை.

யாருக்கும் அதைத் தேட நேரமில்லை. "நில்! இறக்கு! கொஞ்சம்! நில்!" குரலும் பெரியக்காவும் டீச்சரும் காலைப் பிடித்து இழுக்க, கட்டில் ஜன்னல் விளிம்பில் இரும்பு தேய, கிறீச்சென்று உள்ளே வந்து நாலு காலில் நின்றது. அடுத்த நிமிஷம் வானம் கொட்டியது.

சாரை மெத்தையோடு தூக்கிக் கட்டிலில் வைக்க அரைமணி நேரம் ஆயிற்று. நெட்டை தலைப்பக்கம், மற்ற மூவரும் விரிப்பின் ஓரங்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அவர் முதுகு மெல்ல உயர்ந்தது. ஒன்பது நாளுக்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஆ," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. டீச்சர் தாளில் கையெழுத்துப் போட்டார். தையல்காரர் மாடியேறி வந்து, துணிப்பொட்டலத்தைப் பிரித்து, ஒரு குஞ்சைக் காட்டினார். அது அவர் அளவுநாடாவைக் கொத்திக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு?" என்றாள் பெரியக்கா.

குரல் ஜன்னல் விளிம்பில் கையால் துழாவினாள். சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியிருந்ததால் யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கனமாக இருந்தது.

"மாமா எங்கே?" என்றான் நெட்டை.

பாரம் மேலே வந்திருக்கவே இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். கொட்டும் மழையில் அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. மீன்காரப் பெண்மணி கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "இடது பக்கம்! டயருக்குப் பின்னாடி!" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் படியில் அவர் காலடி கேட்டது. மூன்றாவது திருப்பத்தில் தூணில் இடித்துக்கொண்டு திட்டியதும் கேட்டது. உள்ளே வந்தார். சேறும் எண்ணெயும் சொட்டியது. குவித்த இரண்டு கையைக் குரலிடம் நீட்டினார்.

"பின்கம்பியில ரெண்டாவது கயிறு சுருட்டி வெச்சிருந்தேன்ல, அதுக்கு மேல விழுந்திருக்கு. அங்கிருந்து உள்ளே ஊர்ந்து போயிருக்கு," என்றார். "கத்துது."

"கணக்குலயே வராதுன்னீங்களே மாமா?"

"இப்பவும் தொண்ணூறுதான்டா," என்றார் பாரம். "பிடி, தோள் போச்சு."

அட்டைப்பெட்டி ஒன்றைக் குட்டையாக வெட்டி, சிதறிய குச்சிகளில் அகப்பட்டதைப் போட்டு, ஜன்னல் விளிம்பில் அதே இடத்தில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். பெயர்ந்த கதவை மேலே கூரை மாதிரி சாய்த்தாள் பெரியக்கா. தாய்ப்புறா எதிர்க்கட்டடத்துக் கைப்பிடிச் சுவரில் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. வரவில்லை.

"மனுஷன் கை பட்டா திரும்ப வராதுன்னு சொல்வாங்க," என்றார் தையல்காரர்.

"சொல்றவங்க யாரும் புறா இல்லையே," என்றாள் பெரியக்கா. ஆனாலும் முகம் வாடியிருந்தது.

ஆறு மணிக்குள் தாளோடு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். எல்லோரும் வண்டியில் ஏறினார்கள். பாரம் இடது கையால் அளவுப் புத்தகத்தை எடுத்து மனைவி மடியில் போட்டார். "எழுது. இனிமே ஜன்னலை வெளியே இருந்தும் பார்க்கணும்."

"வெளியே இருந்து எப்படி அளக்கறது? ரெண்டாம் மாடி."

"அளக்க வேண்டாம். தலையை நீட்டிப் பார்க்கணும். அவ்வளவுதான்."

அவள் எழுதினாள். எழுதி முடித்து, "நான் செஞ்சது சரிதானாங்க?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்," என்றார் பாரம். "கையெழுத்து வாங்கியாச்சா, அதைப் பாரு."

நெட்டை வண்டியைக் கிளப்பினான். தெருமுனை திரும்பும் முன் பின்னால் யாரோ கூப்பிடுவது கேட்டது. டீச்சர் கதவில்லாத ஜன்னலிலிருந்து பாதி உடம்பை மழையில் நீட்டிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நெட்டை பிரேக்கை மிதித்தான். கட்டிலுக்கு என்ன ஆயிற்றோ?

"என்ன டீச்சர்?" என்று குரல் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"பஞ்சு இருக்கான்னு சார் கேக்கறார்!" என்றார் டீச்சர். "காதுல வெச்சுக்கணுமாம்! மறுபடி ஆரம்பிச்சிடுச்சு, உம் உம்முனு!"

வண்டிக்குள் ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பெரியக்கா கட்டைவிரலில் கட்டுப் போட வைத்திருந்த பஞ்சு உருண்டை முழுவதையும் பறித்துக்கொண்டு, கொட்டுகிற மழையில், செருப்பைக்கூடத் தேடாமல், அந்த மூன்று திருப்பப் படிக்கட்டை நோக்கி ஓடினாள்.